ஏழுக்கு இரண்டு

புஜைராவில் ஜூலை மாதம்
எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான்.
மொட்டைமாடித் தொட்டி அப்படி.
அந்த நீரில்தான் கழுவிப் பார்க்கிறேன்
ஒவ்வொரு தாளையும்.

ஏழு துளி நீலம். இரண்டு துளி மஞ்சள்.
கறுப்பு, ஊசிமுனை தொட்ட அளவு.
மூன்றும் ஒரே கம்பெனி. சாயமல்ல, நிறமித் துகள்.
கம்பெனி மாறினால் திரிந்துவிடும்
எலுமிச்சை விழுந்த பால் மாதிரி.
மே மாதம் அப்படித்தான் திரிந்து
பேனாவின் தொண்டையில் கட்டி நின்றது.
ஆய்வகத்திலிருந்து காய்ச்சி வடித்த நீர் கொண்டுவந்து,
அதற்கு மட்டும் எங்களிடம் பஞ்சமில்லை,
இரண்டு நாள் ஊறவைத்தேன்.

பகலெல்லாம் கடலிலிருந்து உப்பைப் பிரிக்கிறோம்.
ராத்திரி நான்
தண்ணீரால் பிரிக்க முடியாத ஒன்றுக்காகச்
சமையலறை மேடையில் துளி எண்ணுகிறேன்.
துணி காயும் கம்பியில்
கிளிப் போட்டுத் தொங்கும் தாள்களைப் பார்த்து
ரொவேனா கேட்டாள்:
"இனி நான் யூனிஃபார்மை எங்கே காயப்போட?"

ஏன் நனையாத மை என்றால்,
பதிவேடு.
குளிரறையிலிருந்து எடுக்கும் மாதிரிக் குப்பிகள்
வெளியே வந்ததும் வேர்க்கும்.
ஒரு குப்பி, ஒரு பக்கம், ஒரு நொடி.
மூன்றா எட்டா என்று
தணிக்கைக்கு வந்தவர் விளக்கு பிடித்துப் பார்த்தார்.
பால்பாயிண்ட் வாங்கு என்றார் யோகலிங்கம்.
சரிதான். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் எனக்கு அந்த நிறமும் வேண்டும்.

போன மார்ச், விடியற்காலை ஐந்தே முக்கால்,
உறிஞ்சு குழாயின் வலைக்கு அப்பால்
கடல் ஒரு நிறத்தில் கிடந்தது.
பச்சை என்றால் பொய். நீலம் என்றால் சோம்பல்.
தேய்க்காமல் விட்ட செம்புக் குடத்தின் கழுத்தில்
படியுமே, அதில் கொஞ்சம் பால் ஊற்றினால்.
படிவத்தில் உப்புக்குக் கட்டம் உண்டு,
கலங்கலுக்கு உண்டு, வெப்பத்துக்கு உண்டு.
நிறத்துக்கு இல்லை.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
இயல்பு.

மறுநாள் செம்பாசி வந்தது.
கடல், ஆறிப்போன தேநீர்.
வலையில் மீன்கள் வெள்ளை வயிறு காட்ட
ஆலை ஒன்பது நாள் நின்றது.
லாரி லாரியாய்த் தண்ணீர் போனது ஊருக்குள்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தேவலை.

அதனால் சோதனைத் தாளில் நான் எழுதுவது
எப்போதும் அந்த ஒரே சொல்.
முதல் கலவையில், ஆசைப்பட்டு,
மலிவான சாய மை ஒன்றைச் சேர்த்திருந்தேன்,
மயில்கழுத்து.
குழாயடியில் காட்டினேன்.
நீலம் முழுக்க இறங்கி வடிகாலுக்கு ஓடியது.
சாம்பல் எலும்பாய் நின்றது இயல்பு.

இன்றைய தாள்
வெந்நீர், சோப்பு, வினிகர், ஒரு ராத்திரி ஊறல்
எல்லாம் தாண்டிவிட்டது.
ஒரு இழை அசையவில்லை.
சந்தோஷப்பட வேண்டிய இடம்.
கம்பியில் தொங்குகிறது, ஈரம் சொட்ட,
இனி அழியாத என் இயல்பு.

பதிவேட்டில் அசல் வரி
குப்பி வேர்வையில் எப்போதோ கரைந்துவிட்டது.
அந்த இடத்தில் ஒரு கன்றிப்போன ஊதா,
படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
காலை ஷிப்டில்
அந்தப் பக்கத்தின் ஓரத்தில்,
எழுத்தில்லாமல்,
நிப்பின் முதுகால்
கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பூச்சு பூசினேன்.
கீழே தேதி. நேரம்.
இது என்ன, என்றார் குர்ஷித், பக்கம் புரட்டி.
மாதிரி, என்றேன்.

காய்ந்ததும் ஒரு படி கறுத்திருந்தது.
நாளைக்கு
கறுப்பைத் தொடாமல் ஒருமுறை.