வெட்டிய பதினேழு நிமிடம்

விண்டர்தூரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
காப்புறுதிக் கந்தோரின் நான்காம் மாடி.
கோப்பறையை ஒதுக்கி ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.
என் தலைக்கு ஒரு தொப்பி.
அதற்கு முப்பத்திரண்டு துளை.
ஊசி இல்லாத சிரிஞ்சால்
ஒவ்வொன்றிலும் குளிர்ந்த பசை விட்டாள் ரெகுலா.

திரையில் எல்லாம் சிவப்பு.
"தலைக்கு என்ன வைத்தீர்கள்?"
எண்ணெய்.
சனிக்கிழமை வைத்து முழுகினது,
திங்கள் ஆகியும் போகவில்லை.
ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்துத் தேய்த்து
ஒவ்வொரு விளக்காய்ப் பச்சைக்குக் கொண்டுவந்தாள்.
பிடரியில் ஒன்று மட்டும் மசியவில்லை.
விட்டுவிட்டாள்.

வழக்கமான வேலையைச் செய்தால் போதுமாம்.
களைப்பு எந்த நிமிடத்தில் நுழைகிறதென்று
நெற்றிக்குப் பின்னால் எழும் மெதுவான அலை சொல்லிவிடும்.
"நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை" என்றாள்.
அது எனக்குப் பிடித்திருந்தது.

காலையில் கோப்புகள்.
வெள்ளம் புகுந்த நிலவறை.
பசு முட்டி நெளிந்த கார்க்கதவு.
பெட்டி மட்டும் திரும்பி வந்த,
விமானத்தில் தொலைந்த ஒரு செலோ.
கூட்டலை இன்னும் தமிழில்தான் செய்கிறேன்,
உதடு அசையாமல்.
பிராங்கும் ராப்பனும் வரிசையில் வந்து நின்றன.

பத்தேகால்: கோப்பி.
ஊர்ஸ் ஒரு பகிடி விட்டான்.
நான் வகுப்பில் படித்தது வேறு ஜெர்மன்;
இவர்களுடையது மலையிலிருந்து உருண்டு வருவது.
எல்லோரும் சிரித்து அரை நொடி கழித்து நானும் சிரித்தேன்.
அரை நொடிக்கு மேல் போகக் கூடாது,
அதில் எனக்குப் பதினொரு வருடப் பயிற்சி.
"நீச்சலுக்கா கிளம்பிவிட்டாய்?" என்று தொப்பியைக் காட்டினாள் ஒருத்தி.
என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது.
அந்தச் சொல் ஆணா, பெண்ணா, இரண்டுமில்லையா
என்று பார்த்து முடிக்கையில்
பேச்சு பனிச்சறுக்குக்குப் போயிருந்தது.
கோப்பி ஆறியிருந்தது.

மாலையில் திரையைக் காட்டினாள் ரெகுலா.
கோப்புகள் நெடுக என் கோடு
காற்றில்லாத நாளின் ஏரி.
பத்தேகாலுக்கு எழும்பி நின்றது.
பத்து முப்பத்திரண்டு மட்டும் இறங்கவேயில்லை.
பிறகு பசுவும் கார்க்கதவும் வர
மெல்லப் படிந்தது.

"இதைப் பார்க்க வேண்டாம்," என்றாள்.
"இடைவேளை. தாடை அசையும், தசை இழுக்கும்,
வெறும் இரைச்சல். எல்லோருக்கும் வெட்டிவிடுவோம்."
எலியால் இழுத்தாள். ஒரு பொத்தான்.
இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டன,
தழும்புகூட இல்லை.

களைப்பு: குறைவு, என்றது தாள்.

வெட்டியதை எங்கே போடுவீர்கள் என்று கேட்க
ஒரு வாக்கியம் கோர்த்தேன்.
வினைச்சொல் கடைசியில் வர வேண்டும்,
அவளுடையதில் பாதி வேளை, என்னுடையதில் எப்போதும்.
அது வந்து சேருமுன்
அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டாள்.

பதினெட்டு.
கணக்குப் பிரிவின் ஹெர் ட்சுபர்,
பளபளக்கும் வழுக்கை.
கதவைச் சாத்தும்போது பார்த்தேன்:
எல்லா விளக்கும் ஒரேயடியாய்ப் பச்சை.