மூன்றாவது மரை

உமேயோவில் நவம்பர். மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
எனக்கென்ன, என் வேலையே இருட்டறையில்.
திரையில் ஒரு கீழ்த்தாடை. பெயர் கிடையாது,
எண் மட்டும்: நாற்பத்தொன்று.
டைட்டானியத் திருகின் மரைகளை மேலிருந்து எண்ணி
எலும்பு எந்த மரையில் தொடங்குகிறதென்று எழுதவேண்டும்.
அடுத்த அறையில் ஓஸ்மோ அதே படத்தை அளப்பான்.
முடியும்வரை நாங்கள் பேசிக்கொள்ளக் கூடாது.

முதல் ஆண்டில் கொஞ்சம் போகும், எல்லோருக்கும்.
பிறகு ஆண்டுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று,
நகம் ஒரு நாளில் வளர்கிற அளவு.

பல் போனால் சொல் போச்சாம்.
அதற்கப்புறம் எலும்பும் போவதை
யாரும் பழமொழியாக்கவில்லை.
மெல்லும் வேலை நின்ற இடத்தில்
உடம்பு ஆள்குறைப்பு செய்கிறது,
நோட்டீஸ்கூட ஒட்டாமல்.

நாற்பத்தொன்று மட்டும் இறங்கவில்லை.
பதினோரு நவம்பர்,
மூன்றாவது மரையிலேயே.
என் அளவுகோலைச் சந்தேகப்பட்டேன்.
மறுபடி அளந்தேன். மறுபடியும் மூன்று.

பன்னிரண்டாம் ஆண்டு படம் வரவில்லை.
ஒரு படிவம் வந்தது,
பெயரை மறைக்க யாரோ மறந்திருந்தார்கள்:
ஹெல்மர் நூர்லுண்ட், லிக்செலே, பஸ் டிரைவர்.
தாடையை ஆய்வுக்கு எழுதிவைத்திருந்தார்.
கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி:
'திருகு உங்களுடையது, எலும்பு என்னுடையது.
பிரிக்க முடிந்தால் பிரித்துக்கொள்ளுங்கள்.'

மரை கழண்ட ஆள் என்று சிரித்தான் ஓஸ்மோ.
பிறகு வெகுநேரம் சிரிக்கவில்லை.

வைர ரம்பம் இரண்டையும் சேர்த்தே அறுத்தது.
வேறு வழியில்லை.
நீலச் சாயமிட்ட சீவலில்
எலும்பு மரைக்குள் போய் உட்கார்ந்திருந்தது,
விருந்துக்கு வந்தவர்
அடுக்களைவரை வந்து
தட்டை எடுத்துக்கொண்டு அமர்வதுபோல்.
யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர்,
நுண்ணோக்கியில் தெரியவில்லை.

அட்டவணையில் அவருக்கு ஒரு கட்டம் உண்டு:
'தொடர்ந்து வராதவர்.'
பல்லைக் கடித்துக்கொண்டு
அதிலேயே குறித்தேன்.

இரவு முறுகல் ரொட்டி, வெண்ணெய்.
இடது பக்கம் கொஞ்ச நாளாய்க் கூசுகிறதென்று
ஒதுக்கி வைத்திருந்தேன்.
ஒரு துண்டை அங்கே தள்ளிக்
கடித்தேன்.
மண்டைக்குள் நொறுங்கும் சத்தம்.

வலித்தது.
வேலைக்கு வந்துவிட்டார்கள்.