நொடிக்கு ஐந்து

இருக்கைக்கும் இடுப்புக்கும் நடுவே
கறுப்பு ரப்பர் வட்டு வைப்பது என் வேலை.
வட்ட ரொட்டி அளவுதான் இருக்கும்.
உட்காருபவர்கள் முதலில் சிரிப்பார்கள்,
பிறகு மறந்துவிடுவார்கள்.

நரினிலிருந்து மலையேறும் வேன்.
தார் முடிகிற இடத்தில்
ஓட்டுநர் எமில்பெக் ரேடியோவை அணைக்கிறான்,
இனி எதுவும் கேட்காது.
சரளைச் சாலை,
காற்று கீறிய மணல்போல் வரிவரியாய்,
மணலின் இரக்கம் மட்டும் இல்லாமல்.

முதலில் ஆடுவது கன்னச் சதை.
அப்புறம் வயிறு
தனியாக ஒரு பயணம் கிளம்புகிறது.
நொடிக்கு ஐந்து என்று திரை காட்டும்போது
முதுகெலும்பு சாலையோடு சேர்ந்துகொண்டு
கேட்டதற்கு மேலேயே ஆடித் தருகிறது.
ஆசிரியை பெர்மெத்
உ-ரு-ளை-க்-கி-ழ-ங்-கு விலை சொல்கிறாள்.
பின்வரிசைப் பையன் வாயைத் திறந்து ஆவென்று நீட்டி
தன் குரல் ஆட்டின் குரலாவதை ரசிக்கிறான்.
யாருக்கோ மூத்திரம் முட்டுகிறது,
முகத்தில் தெரிகிறது.

ஆறாம் இருக்கையில் துர்தாகுன்.
ஐம்பத்தெட்டு வயது. கால்நடை மருத்துவராக இருந்தவர்,
குதிரைக் கழுத்தில் நரம்பு தேடி ஊசி ஏற்றியவர்.
போன புதனும் வந்தார், அதற்கு முந்தைய புதனும்.
மூட்டை இல்லை. மேலே போய்ப் பார்க்க ஆளும் இல்லை.
பெர்மெத் பிளாஸ்க்கைத் திறந்தபோது
அவரும் ஒரு கிண்ணம் நீட்டினார்.
சிந்தியது.
எல்லார் மடியிலும் சிந்தியது.
துடைக்க ஒரே துணி கை மாறிக் கை மாறி வந்தது,
அவரும் துடைத்தார், சத்தமாகச் சிரித்தார்.

பிறகு டயர் வெடித்தது.

இன்ஜின் அடங்கியதும்
காதுக்குள் மலை வந்து உட்கார்ந்தது.
வெயில் காய எவரும் இறங்கவில்லை, வெளியே அவ்வளவு குளிர்.
பதினோரு வட்டுகளில் பத்தின் கோடுகள்
உறைந்த ஏரிபோல் படுத்துவிட்டன.
ஒன்று மட்டும் எழுதிக்கொண்டே இருந்தது,
சின்னதாக, பிசகாமல்,
நொடிக்கு ஐந்து.

திரும்பிப் பார்த்தேன்.
வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி
அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.
"இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்றார்,
டயரைக் கேட்பதுபோல.

வண்டி நின்ற நேரத்தை
கணக்கிலிருந்து வெட்டிவிட வேண்டும், அது விதி.
வெட்டினேன்.

"இதெல்லாம் அளந்து என்ன ஆகப்போகிறது?" என்றாள் பெர்மெத்.
அறிக்கை போனால்
அடுத்த கோடைக்குள் தார் போட்டுவிடுவார்கள் என்றேன்.
வேனுக்குள் ஒரே ஆரவாரம்.
பையன் இருக்கையில் எம்பிக் குதித்தான்.

துர்தாகுன் மட்டும்
சன்னலைப் பார்த்தபடி சொன்னார்:
"அப்படி ஒன்றும் அவசரமில்லையே."