எண்ணெய் அளவு

இந்த வருஷம் இரண்டும் ஒரே தேதியில் வந்து விழுந்தன.
காலையில் எங்கள் கிறிஸ்துமஸ்,
இருட்டியதும் யோயேலின் ஹனுக்கா.

பொறையாரில் மூன்று நாளாக மழை விடவில்லை.
சம்பா வயலில் முழங்காலளவு தண்ணீர்.
வாசல் நட்சத்திரத்தின் காகிதம் ஊறிக் கிழிந்து
மூங்கில் எலும்பு தெரிகிறது;
பல்பு ஷாக் அடிக்கிறதென்று
அப்பா வயரைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

ஞாயிறு பள்ளியில் படித்தபடி
அப்பா அவரை யோவேல் என்றே கூப்பிடுவார்.
அம்மா எப்படியும் கூப்பிடுவதில்லை.
கடலோரத்து வீட்டில்
இறால் தின்னாத மாப்பிள்ளை.
"காப்பி வேணுமான்னு கேளு" என்பாள் என்னிடம்,
அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க.
நாலு வருஷமாக இப்படித்தான்.

அவருடைய விளக்கு பெட்டியோடு ஏர்போர்ட்டில் தொலைந்தது.
எதிர்வீட்டுப் பத்மாவதி டீச்சர்
கார்த்திகைக்கு ஏற்றிய அகல்களில் ஒன்பதைத்
தேய்த்துக் கழுவிக் கொடுத்தார்,
கரி முழுசாப் போகலை, பரவாயில்லையா என்று கேட்டபடி.
எட்டு, வரிசையாக.
ஒன்பதாவது கவிழ்த்த அரைப்படியின் மேல்.
அது வேலைக்கார விளக்கு என்றார் யோயேல்.
மற்றவற்றை ஏற்றுவது அதன் வேலை.
மற்றவற்றுக்கு வேலையே கிடையாது.

முதல் இரவே கரண்டு போயிற்று.
எரிந்த ஒற்றை அகலின் அருகே
முறத்தில் பூண்டோடு வந்து உட்கார்ந்தாள் அம்மா.
தயங்கித் தயங்கி, என்னிடம் அல்ல,
அவளிடமே சொன்னார்
தாயிடம் கற்ற பாதி மலையாளத் தமிழில்:
"இந்த வெளிச்சத்தில் பணி எடுக்கக்கூடாது அம்மா.
நோக்க மட்டும்.
இது எரியும் வரை எங்க பெண்கள் ஒண்ணும் தொடமாட்டார்."
"ஒண்ணுமேவா?"
"ஒண்ணுமே."

முந்தின ராத்திரி மூன்று மணிக்கு
கேரல் ரவுண்ட்ஸ் வந்த பிள்ளைகளுக்கு
அடுப்பு மூட்டிச் சுக்குக் காப்பி போட்டவள்.
என்னைப் பெற வலி கண்டபோதும்
அச்சு முறுக்கு மாவை மூடி வைத்துவிட்டுப் போனவள்.
கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.
மடியில் வைத்தாள், எடுத்தாள்,
ஈரமே இல்லாத கையை
முந்தானையில் துடைத்தாள்.
அரை மணி நேரம்.

மூன்றாம் நாள் அவளே அடுப்பை அணைத்துவிட்டு
முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள்.
உருளைக்கிழங்கைத் துருவி அவர் சுட்ட அடை
ஒரு பக்கம் கருகல், ஒரு பக்கம் வேகவில்லை. தின்றாள்.
"கரண்டுதான் வந்தாச்சே, சோறு போடேன்" என்றார் அப்பா.
"விளக்கு எரியுதில்ல?" என்றாள்.

ஐந்தாம் நாள், நேராக அவரைப் பார்த்து:
"உங்கம்மா பேரு என்ன?"
"சிம்ஹா."
"சிங்கமா?"
"இல்லை. சந்தோஷம்."
கொச்சியில் பிறந்து பத்து வயதில் கப்பலேறி
பாலைவனத்தில் கோழி வளர்த்த கிழவி
போனில் முகம் காட்டி
"அவிடெ மழையுண்டோ?" என்றாள்.
"கொட்டுது, கொட்டுது" என்றாள் அம்மா.
இருவரும் கத்திக் கத்திப் பேசினார்கள்,
நடுவில் இருக்கும் கடலுக்கு மேலாகக் கேட்கவேண்டும் என்பதுபோல்.
முட்டி வலி. மீன் விலை.
மகன் சின்ன வயதிலும் இப்படித்தான் இளைப்பா என்று.
பாதி வார்த்தையில் டவர் போயிற்று.
அணைந்த போனை அம்மா
கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

வருஷக் கடைசி ஆராதனைக்கு மணி அடித்தது.
அப்பா குடையோடு வாசலில்.
"அணையட்டும், வரேன்."

எட்டாம் நாள் எல்லா அகலும் எரிந்தன.
அரை மணி தாண்டியது. ஒரு மணியும்.
யோயேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
விளக்குகளைப் பார்த்தார்.
ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்த கதையை
முதல் இரவே எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

நான் அடுக்களைக்குப் போய்
நல்லெண்ணெய் டின்னை ஆட்டிப் பார்த்தேன்.
ஒரு சொட்டுச் சத்தமும் இல்லை.

திரும்பி வந்தபோது
"இன்னும் கொஞ்சம் எரியும் போல" என்றாள் அம்மா,
ஜன்னல் மழையைப் பார்த்தபடி,
மடியில் இரண்டு கைகளும்
சும்மா.