மூக்கைத் தொடும் வழி

ஓவ்லு நகரில் ஜூன் மாதம் இருட்டுவதில்லை.
நள்ளிரவிலும் ஆய்வுக்கூடத்து ஜன்னல் கட்டைமேல்
வெளிச்சம் படுத்திருக்கிறது.
எப்போது வீட்டுக்குப் போவதென்று
எனக்கும் தெரியவில்லை,
இயந்திரக் கைக்கும் தெரியவில்லை.

பத்து வாரம். கொஞ்சம் சம்பளம். ஒரு சாவி அட்டை,
அதில் வில்யா கார்ப்பினன் என்ற என் பெயரில்
ஓரெழுத்தை விழுங்கிவிட்டார்கள்.
வேலை சொல்லச் சுலபம்:
ஆறு மூட்டுள்ள கை
மேசையிலிருக்கும் மஞ்சள் கோப்பையை எடுத்து
அலமாரியின் இரண்டாம் தட்டில் வைக்கவேண்டும்.
எதிலும் இடிக்கக் கூடாது,
முக்கியமாகத் தன்மேல்.

இதை நான் மூன்று வயதில் செய்திருப்பேன்.
எப்படிச் செய்தாயென்று கேட்டிருந்தால்
கோப்பையைக் கீழே போட்டிருப்பேன்.

நிரல் இருட்டில் கல்லெறிகிறது.
கண்ணை மூடி எடுத்த ஆறு எண்கள்:
தோள் இவ்வளவு, முழங்கை இவ்வளவு,
மணிக்கட்டு இவ்வளவு திரும்பி.
இப்படி நின்றால் இடிக்குமா?
இடிக்குமென்றால் வீசிவிடு.
இல்லையென்றால் கிட்டத்துக் கிளையில் ஒட்டு.
திரையில் ஒரு மரம் தாறுமாறாக வளர்கிறது.
ஏதோவொரு நுனி அலமாரித் தட்டைத் தொட்டதும்
அங்கிருந்து வேர்வரை பின்னோக்கிப் படித்தால்
அதுதான் பாதை.

மூன்று வாரம் மரம் மரமாகவே நின்றது.
நான்காம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை,
கை எழுந்தது. இடப்பக்கம் சாய்ந்தது.
முழங்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி,
கூரை விளக்கைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் நின்று,
பெரிய அரைவட்டம் போட்டுத்
தட்டில் இறங்கியது.
நாற்பத்தோரு வினாடி.
தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டது.
பக்கத்து அறை தூமஸ் எழுந்து நின்று கைதட்டினான்,
"நடனம்" என்றான்.
எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜூலையில் நாடே ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்விடும்.
யார்மோவுக்கு எழுதினால்
அவருடைய கணினிதான் பதில் சொன்னது:
ஆகஸ்ட் நான்கு வரை இல்லை.
காப்பி இயந்திரத்தையும் யாரோ அணைத்துவிட்டார்கள்.

ஓர் இரவு, ஒரு மணி இருக்கும்,
கையின் இடத்தில் நானே நின்றேன்.
மஞ்சள் கோப்பையைப் பிடித்து
அது எழுந்ததுபோல் எழுந்தேன், சாய்ந்தேன்,
முழங்கையை மடக்கினேன்.
தோள் வலித்தது.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரவுக் காவலர்
பார்த்தார், நின்றார், போனார்.
இந்த ஊரில் கேட்கமாட்டார்கள்.

எதற்காக இங்கே வளைகிறேன்?
கோப்பையை நேராக நீட்டினேன்.
காற்று.
இன்னும் நீட்டினேன்.
காற்றுதான்.

கோப்பைத் திறந்தால், கணினியின் கோப்பை,
நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
பெட்டி மூன்று: நாற்பது, முப்பது, அறுபது.
போன வருடம் யாரோ அங்கே ஒரு பெட்டி வைத்தார்கள்,
அளந்து எழுதினார்கள்.
பெட்டியை எடுத்தவர்
வரியை எடுக்கவில்லை.
பதினான்கு மாதமாக
கை அதற்கு வழிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அழித்தேன்.
ஏழு வினாடி. கோடு போட்டாற்போல் போனது.
தூமஸ் திரும்பி வந்து பார்த்து
"அது எங்கே?" என்றான்.
எது என்று நான் கேட்கவில்லை.

யார்மோ மூக்கு உரிந்து, கொசுக்கடியோடு வந்தார்.
எண்களைப் படித்தார். "சரி" என்றார்.
அவரிடமிருந்து அது நீண்ட வாக்கியம்.

கடைசி வெள்ளி. ஒன்பதரைக்கே இருட்டத் தொடங்கிய நாள்.
எல்லாரும் பார்க்க, கை கோப்பையை எடுத்து,
நேராக, நம்பிக்கையாக,
டப்.
சிவப்பு விளக்கு.
காலையில் வந்த அட்டைப்பெட்டி ஒன்றை
அதே இடத்தில் யாரோ இறக்கிவைத்திருந்தார்கள்.
கோப்பையின் காது உடைந்தது.
யாரும் சிரிக்கவில்லை, பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

டேப் எடுத்து அளந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
புது எண்களை அடித்தேன், தேதியும் போட்டேன்.
அப்புறம் பெட்டியைத் திறந்து பார்த்தேன்:
அடுத்த கோடைக்கு வரப்போகிறவருக்கு
ஒரு நாற்காலி,
கால்கள் தனியாக,
திருகுகள் தனியாக ஒரு பையில்.