பதினேழுக்கு மேல்

நெல்லை ஒரு பிடி அள்ளிக்
கருவியின் வாயில் இட்டு
எண்ணைப் படித்துச் சொல்வது என் வேலை.
குடமுருட்டிக் கரையில் கொள்முதல் நிலையம்.
பதினேழுக்குள் நின்றால் மூட்டை தராசுக்கு.
தாண்டினால் திரும்பக் களத்துக்கு.
நான் சொல்லல, மிஷின் சொல்லுது என்பேன்.
பதினோரு வருஷமாக இந்த ஒரே வாக்கியம்.

வயிற்றுக்கும் அதே பதினோரு வருஷம்.
நெஞ்சுக்குழியில் தொடங்கி முதுகு வழியே வெளியேறும்.
வேளை தவறித் தின்கிறவன், டீ குடித்தே கெட்டவன்,
காரத்தைக் குறை, கவலையைக் குறை.
மூன்று முறை குழாய் விட்டுப் பார்த்தார்கள்.
புண் ஆறும். பக்கத்தில் இன்னொன்று வாய் திறக்கும்.

தஞ்சாவூரில் டாக்டர் நஜிமுதீன்தான்
படங்களை மேசையில் பரப்பி
வெகுநேரம் பேசாமல் இருந்தார்.
"வயிறு தானா இவ்வளவு அமிலம் சுரக்காது.
யாரோ உத்தரவு போட்டுக்கிட்டே இருக்காங்க.
கணையத்துலயோ சிறுகுடல் தொடக்கத்துலயோ
மிளகு பருமன்ல ஒண்ணு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.
காஸ்ட்ரின்னு ஒரு ஹார்மோன். ரத்தத்துல அளந்துடுவோம்."

வயல் நிரம்பி வழிந்தும்
மதகை இறக்காத லஸ்கர் ஒருவன்
எனக்குள் உட்கார்ந்திருக்கிறானா?

அளப்பதற்கு முன் அமில மாத்திரையை நிறுத்த வேண்டும்.
மாத்திரை எண்ணைக் குழப்புமாம்.
பத்து நாள். நடுவில் லேசாக வேறொன்று,
கடைசி நாள் அதுவும் கிடையாது.
கறுப்பாகப் போனால் உடனே கூப்பிடு என்று
தன் செல் நம்பரை எழுதிக் கொடுத்தார்.
அந்தப் பத்து ராத்திரியை நான் எழுத மாட்டேன்.
விழித்திருந்த செந்தாமரை எழுதினால் உண்டு.

மன்னார்குடி லேபில், வெறும் வயிற்றில், காலை ஏழுக்கு
ஜெஸிந்தா ஊசி குத்தினாள்.
"சீக்கிரம் கெட்டுப்போற சாமான் சார்.
பிரிச்சு, உறைய வச்சு,
கும்பகோணம் பஸ்ல ஏத்தினா ராத்திரி ரயில்ல சென்னை."
தயிர் மாதிரியா என்றேன்.
மீன் மாதிரி என்றாள்.

பத்து மணிக்கு நான் நிலையத்தில்.
முந்தின நாள் திருப்பிய வேம்பையனின் நாற்பது மூட்டை
வாசலிலேயே கிடந்தது.
நேற்று பத்தொன்பது புள்ளி நான்கு.
ராத்திரி மழைக்குப் பின் இருபத்தொன்று.
"மிஷின் சொல்லுது."
"மிஷினுக்கு வயிறு இருக்கா?" என்றான்.
பதினொன்றரைக்கு, சாலையில் நெல்லைக் கொட்டி
அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.
இரண்டு பக்கமும் பஸ்கள்.
நான் ஷட்டரை முக்கால் இறக்கி
பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஜெஸிந்தாவின் போன்.
"ஐஸ் கரைஞ்சிடுச்சு சார். வலங்கைமான்ல ஏதோ மறியலாம்,
நாலு மணி நேரம். சென்னையில வேணான்னுட்டாங்க.
திரும்பப் பத்து நாள்..."

ஷட்டருக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம், பஸ்ஸின் சீட்டுக்கடியில்
உருகிக்கொண்டிருந்ததும் நான்.
யாரைப் போய்த் திட்டுவது?

இரண்டாம் முறை அவளே பஸ்ஸேறிப் போய்
ரயிலில் ஏற்றிவிட்டு வந்தாளாம்.
நூறுக்குள் நிற்க வேண்டியது
ஆயிரத்து நூற்று நாற்பது.
இது மட்டும் போதாது, ஆனால் திசை தெரிகிறது,
ஸ்கேன் எடுப்போம் என்றார் டாக்டர்.
வெட்கமில்லாமல் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.
டீயும் இல்லை, கவலையும் இல்லை.
பதினோரு வருஷத்துக்கு ஒரு பெயர்.

அந்த வாரமே மண்டலத்திலிருந்து தாள்:
ஈரப்பதம் இருபது வரை தளர்வு.
நாற்பதில் முளைவிடாமல் மிஞ்சிய பதினெட்டை
வேம்பையன் வண்டியில் கொண்டுவந்தான்.
அள்ளி அழுத்தினேன்.
இருபது புள்ளி ஒன்று.

அவன் எண்ணைப் பார்க்கவில்லை.
வயிற்றைப் பிடித்திருந்த என் இடது கையைப் பார்த்தான்.

இன்னொரு பிடி அள்ளினேன்,
சாக்கின் வேறு மூலையிலிருந்து.