பதினோராம் எண்

கடலூர்த் துறைமுகத்தில்
புயல் கூண்டு ஏற்றுவது என் வேலை.
சென்னையிலிருந்து செய்தி வரும்.
கயிற்றை இழுப்பேன், பதிவேட்டில் நேரம் எழுதுவேன்.
கடலுக்கு எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.
வீட்டுக்குள் ஒன்று
முன்னறிவிப்பே இல்லாமல் கரை கடந்துகொண்டிருந்தது:
நறுமுகை, ஆறு வயது,
முன்பல் இரண்டும் இல்லை.

சீப்பு பறக்கும். ஒற்றைச் செருப்பு பறக்கும்.
என்னவென்று கேட்டால்
இன்னொரு செருப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
வெங்காயக் கூடைக்கு ஷூ பாலிஷ் தேய்த்து
நைலான் நரம்பில் கட்டி
சமையலறை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன்.
பக்கத்தில் சிலேட்டு, சாக்பீஸ்.
"வாயால சொல்ல வேணாம். நம்பரை எழுதி ஏத்திடு."

ஒன்று என்றால் தொலைவில், நடுக்கடலில்.
பள்ளிக்கூடத்தில் ஏதோ.
கேள்வி கேட்கக் கூடாது, வேர்க்கடலை கொடுக்கலாம்.
ஐந்து, இடப்பக்கமாகக் கடக்கும்:
இடப்பக்கத் தலையணைதான் அடி வாங்கும்,
நான் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும்.
ஏழு, நேராக நம் தலைமேல்.
அலமாரியிலிருந்து எவர்சில்வர் டம்ளர்களை இறக்கித்
தரையில் வைத்துவிட்டு
கூடவே உட்கார வேண்டும். வேறொன்றும் செய்வதற்கில்லை.
பத்து ஒரே ஒருமுறை ஏற்றினாள், பஞ்சுமிட்டாய்க்காக.
வதந்தி என்று இறக்கினோம்.

பேரும் அவளே வைப்பாள்.
கணக்கு டீச்சர் புயல்.
அம்மா நைட் ட்யூட்டி புயல்,
அது மாதம் எட்டு முறை உருவாகும்.
சில்வர் பீச்சில் பட்டம் அறுந்த அன்று
'வாலு போச்சு' புயல்.
மஞ்சக்குப்பம் வரை பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.
கெடிலம் பாலத்தில்
காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்து
என் தோளில் தூங்கிப்போனது.

"பதினொன்னுன்னா இன்னாப்பா?"
"வானிலை ஆபீசோட தொடர்பு அறுந்துபோச்சுன்னு அர்த்தம்.
அங்க என்ன நடக்குதுன்னு இங்க யாருக்கும் தெரியாது."
"நீ ஏத்தியிருக்கியா?"
"இதுவரைக்கும் இல்ல."

ஐப்பசியில் சுகந்தி ஆஸ்பத்திரிக்குப் போனாள்,
ஐந்து மாத வயிற்றோடு,
நர்ஸாக அல்ல.
நான்காம் நாள் வயிறில்லாமல் வந்தாள்.
மெதுவாகப் பேசினோம். கதவைச் சாத்திப் பேசினோம்.
குழந்தை உள்ளே வந்தால்
பால் பாக்கெட் விலையைப் பற்றிப் பேசினோம்.
"அம்மாவுக்குக் காய்ச்சல்" என்றேன்.

ஒரு சாயங்காலம் சைக்கிளை நிறுத்துகிறேன்,
ஜன்னலில் கூண்டு.
சிலேட்டில் இரண்டு ஒன்றுகள்,
ஒன்று நேராக, ஒன்று சாய்ந்து.

பதினான்கு வருட வேலையில்
நான் ஏற்றாத எண்.

தரையில் உட்கார்ந்து சொன்னேன்.
தம்பியோ தங்கச்சியோ, இப்போது வரப்போவதில்லை.
யாரும் தப்பு செய்யவில்லை. நீயும்தான்.
அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை.

நைலான் நரம்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்,
மறுபடி சுற்றினாள்.
"பேர் வெச்சீங்களா?"

புயலுக்கா என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
"இல்லம்மா."

சுகந்தி எப்போது எழுந்து வந்தாளோ.
நைட்டி நுனியால் பதினொன்றைத் துடைத்தாள்.
சாக்பீஸை வாங்கி
ஏழு எழுதினாள்.

நறுமுகை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.
ஒவ்வொரு டம்ளராக இறக்கினாள்,
ஒன்பது டம்ளர், ஒரு சொம்பு,
சத்தம் வராமல் சுவரோரம் வரிசையாக.
பிறகு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.
ஆறு நாள் கழித்து
என் மனைவி வாய்விட்டு அழுதாள்.

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.
பால் வாங்கி வருகிறேன் என்று எழுந்து
ஒரு காலைச் செருப்பில் நுழைத்தேன்.

பின்னால் ரேடியோக் குரல்,
பல் போன சந்தில் காற்று வர:
"மீனவர்கள் யாரும்
கடலுக்குப் போக வேண்டாம்."